முத்திரைகள் சொல்லும் முகவரி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நாணயத்தில் முத்திரை உண்டு. நகையில் முத்திரை உண்டு. மளிகைக் கடைத் தராசுப் படியிலும் முத்திரை உண்டு. ஒரு பொருளை யார் செய்தார், யார் சோதித்தார், யார் பொறுப்பேற்றார் என்பதைப் பொருளின் மேலேயே எழுதி வைக்கும் வழக்கம் மிகப் பழையது. மனித உயிரைப் பறிக்க வல்ல துப்பாக்கியில் அவ்வழக்கம் இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பழைய ரிவால்வர் ஒன்றின் மேல் காணப்படும் முத்திரைகளை எவ்வாறு படிப்பது, அதனால் என்ன பயன் என்பதை என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் இக்கட்டுரையில் எழுத முனைகிறேன்.

வேதியியல் மாணவனுக்குத் துப்பாக்கியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தை எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கே.கே. நகரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் துவாக்குடி சென்று, பாய்லர் உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். அங்கே அவருடைய முக்கிய வேலைகளுள் ஒன்று இரும்பில் எண் அடிப்பது. உருக்காலையிலிருந்து வரும் ஒவ்வொரு தகட்டிலும் ‘ஹீட் நம்பர்’ எனப்படும் உருக்கு எண் இருக்கும். தகட்டை நான்கு துண்டாக வெட்டினால், வெட்டுவதற்கு முன்பே நான்கு துண்டுகளிலும் அந்த எண்ணை நம்பர் பஞ்சால் அடித்தாக வேண்டும். எண் இல்லாத துண்டு எவ்வளவு நல்ல இரும்பானாலும் பாய்லருக்கு உதவாது. பழைய இரும்புக் குவியலுக்குத்தான் போகும். நாளை பாய்லர் வெடித்தால், எந்த உருக்கு, எந்த உலை என்று தேடிப் போக அந்த எண் ஒன்றே வழி. முத்திரைக் கல்வியில் எனக்கு முதல் ஆசிரியர் என் தந்தையே.

கேள்வி வந்த வழி

எங்கள் தெருவில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் வாழ்கிறார். அவருடைய கணவர் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; உரிமம் பெற்று .32 ரிவால்வர் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி வைத்திருந்தவர். அவர் காலமானபின், சட்டப்படி ஆயுதம் உரிமம் பெற்ற வணிகர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கலாம்.

அப்போதுதான் சிக்கல் எழுந்தது. உரிமப் புத்தகத்தில் எழுதியிருந்த எண் 214. ஆயுதத்தின் உடற்பகுதியில் இருந்த எண்ணோ ஆறு இலக்கம் கொண்டது. “எண் ஒத்துவரவில்லையே!” என்றார்கள். இது சிறிய சொல் அன்று. அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம் என்கிறது அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு. அழிக்கப்பட்ட எண்ணுடன் ஒரு துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அவரே அழித்தார் என்று கருதவும் அச்சட்டம் இடந்தருகிறது. கணவர் மறைந்த துயரத்தோடு, அவர் பெயருக்குக் களங்கம் வந்துவிடுமோ என்ற அச்சமும் அந்த அம்மையாரைப் பற்றிக்கொண்டது.

ஆயுதத்தின் மேல் இருந்த குறிகளை வணிகர் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக் கொடுத்தார். அம்மையார் அத்தாள்களை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, “தம்பி, நீங்கதான் இரும்புல எழுத்து அடிக்கிறவரு. இது என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்” என்று என் தந்தையிடம் கேட்டார். துப்பாக்கியை நான் தொட்டதும் இல்லை, நேரில் கண்டதும் இல்லை. அந்த மூன்று தாள்களே எனக்குப் பாடநூல்.

பிறப்பிட முத்திரை

முதல் தாளில் சிறகு முளைத்த தோட்டா ஒன்றின் உருவம் இருந்தது. அது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1897இல் உருவான ‘வெப்லி அண்ட் ஸ்காட்’ நிறுவனத்தின் வணிகச் சின்னம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அந்நிறுவனத்தின் ரிவால்வர்கள் இந்தியாவில் பெரிதும் புழங்கின. விடுதலைக்குப் பின் நம் நாட்டில் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .32 ரிவால்வரும் வெப்லியின் நான்காம் மாதிரியை அடியொற்றியதே. நம் திருச்சியிலும் 1966 முதல் படைக்கலத் தொழிற்சாலை உள்ளது என்பதை இங்கு நினைவு கூரலாம். 2021இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது கான்பூர், திருச்சி ஆகிய இரண்டு ஆலைகளும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன.

சோதனை முத்திரை

இரண்டாம் தாளில் சிறிய கிரீடங்களும் அவற்றின் கீழ் ‘பி.வி.’, ‘பி.பி.’, ‘என்.பி.’ என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தன. மறைபொருள் போலத் தோன்றினாலும் இவை வெறும் தேர்ச்சிச் சான்றுகளே. பிரிட்டனில் துப்பாக்கியை விற்கும் முன் சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். வழக்கமான தோட்டாவைவிட அதிக அழுத்தம் தரும் வெடியை அங்கே வைத்துச் சுடுவார்கள். குழல் பிளக்காமல் தாங்கினால் முத்திரை கிடைக்கும். இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. ‘பி.வி.’ என்பது பர்மிங்காமில் கண்ணால் ஆய்ந்ததைக் குறிக்கும். ‘பி.பி.’ என்பது வெடிச் சோதனையில் தேறியதைக் குறிக்கும். ‘என்.பி.’ என்பது புகையில்லா வெடிமருந்துக்கும் தாங்கும் என்பதற்கு அடையாளம். கிரீடமும் இவ்வெழுத்துகளும் சேர்ந்த இவ்வகை முத்திரைகள் 1904ஆம் ஆண்டு முதல் வழக்குக்கு வந்தவை. ஆகவே அந்த ரிவால்வர் அதற்குப் பின்னரே சோதிக்கப்பட்டது என்று துணியலாம். ஒரு முத்திரை இவ்வாறு காலக் கணிப்புக்கும் உதவுகிறது.

உடைமை முத்திரை

சோதனை முத்திரை துப்பாக்கியின் பிறப்பைச் சொல்லும்; உடைமை முத்திரை அதன் பிழைப்பைச் சொல்லும். பிரிட்டிஷ் அரசின் பொருள்களில் அகன்ற அம்புக்குறி ஒன்று பொறிக்கப்படுவது வழக்கம். அதே அம்பு இரண்டாக, முனையோடு முனை சேர்ந்தாற்போல் இருந்தால், அப்பொருள் அரசுப் பணியிலிருந்து முறைப்படி விற்கப்பட்டது என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது பர்மிங்காமில் அவசரமாகச் செய்த .38 வெப்லிகளில், மெருகு குறைந்திருப்பதற்கு விளக்கம் போல, ‘போர்க்கால மெருகு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களையே அடித்து அனுப்பினார்கள். அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வந்த ‘ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்’ ரிவால்வர்களில் வெற்றியைக் குறிக்கும் ‘வி’ என்ற எழுத்து வரிசை எண்ணுக்கு முன் நிற்கும்.

எங்கள் மூன்றாம் தாளில் அம்புக்குறி எதுவும் இல்லை. ஆகவே அரசுக் கிடங்கிலிருந்து போன பொருள் என்று சொல்வதற்கு முகாந்திரம் இல்லை. ஆனால் பிடியின் பின்பக்க இரும்புப் பட்டையில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் 214 என்ற எண்ணும் இருந்தன!

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த என் தந்தை, “இது கம்பெனி அடிச்ச எண் இல்லப்பா. ரெண்டு பக்கம் ஆழம், நடுவுல மேலோட்டம். வளைஞ்ச பட்டையில கையால பஞ்ச் வச்சுச் சுத்தியலால அடிச்சது. நாலு கொஞ்சம் சாஞ்சிருக்கு பாரு” என்றார். ஆறு இலக்க எண்ணோ ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் இருந்தது. இரண்டும் வெவ்வேறு கைகள், வெவ்வேறு காலங்கள் என்பது அந்த நொடியில் விளங்கியது.

அம்மையார் பழைய டிரங்குப் பெட்டியைத் தேடி, ரிவால்வர் வாங்கியபோது தந்த ரசீதைக் கொண்டுவந்தார். வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று தன்னுடைய பழைய பொருள்களை விற்றபோது கொடுத்த ரசீது அது. பட்டையில் இருந்த இரண்டு எழுத்துகளும் அத்தோட்டத்துப் பெயரின் முதலெழுத்துகள். ரசீதில் ‘பொருள் எண் 214’ என்றே இருந்தது. நாற்காலிக்கும் மேசைக்கும் எண் போடுவதுபோலத் தோட்ட அலுவலகம் தன் சாமான் பட்டியலில் ரிவால்வருக்கும் ஓர் எண் போட்டிருக்கிறது. உரிமத்தில் எண் எழுதிய கை, உடற்பகுதியில் இருந்த செய்தோர் எண்ணை விட்டுவிட்டு, கண்ணில் எளிதாகப் பட்ட இந்த எண்ணை எழுதிவிட்டது. இரண்டு எண்களும் எங்கெங்கே உள்ளன என்று விவரித்து, ரசீதின் நகலையும் இணைத்து, அம்மையாருக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அதிகாரிகள் ஆயுதத்தை நேரில் பார்த்துப் பதிவைத் திருத்திக் கொடுத்தனர்.

அழித்த எண்ணும் அமிலமும்

இந்த ரிவால்வரில் எண்கள் அழியாமல் இருந்தன. அரத்தால் தேய்த்து அழித்திருந்தால் என்ன செய்வது? இங்குதான் நம் பாடம் உதவிக்கு வருகிறது.

உருக்கு என்பது நுண்ணிய படிகங்களின் தொகுதி. பஞ்சின் அடி விழும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தோடு அதன் அடியில் உள்ள படிகங்களும் நசுங்கிக் குலைகின்றன. மேற்பரப்பைத் தேய்த்துப் பள்ளத்தை மறைத்துவிடலாம். அடியில் உள்ள நசுங்கல் அப்படியே இருக்கும. நசுங்கிய உலோகத்தில் ஆற்றல் சற்று மிகுதியாகத் தேங்கியிருப்பதால் அமிலம் அதை விரைவாக அரிக்கும். தடய அறிவியல் ஆய்வகங்களில் இடத்தை நன்கு மெருகேற்றி, குப்ரிக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவுகிறார்கள். மறைந்த எண் நிழல்போல் எழுந்து வரும். சில நேரங்களில் சிறிது நேரமே தென்படும் என்பதால் உடனே படம் எடுத்துக்கொள்வார்கள். நசுங்கிய அடுக்கு முழுவதையும் தாண்டி ஆழமாகத் தேய்த்திருந்தால் மட்டும் எண் மீளாது.

வரலாற்றில் இரண்டு சான்றுகள்

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், கல்கத்தாவில் ‘ரோடா’ என்ற ஆயுத நிறுவனத்துக்கு வந்த 202 பெட்டிகளைச் சுங்கச் சாவடியிலிருந்து அதன் எழுத்தர் ஸ்ரீஷ் சந்திர மித்ரா மீட்டார். கிடங்குக்குச் சேர்ந்தவை 192 மட்டுமே. மீதிப் பத்துப் பெட்டிகளில் இருந்த 50 மவுசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் வங்கப் புரட்சியாளர்களின் கைகளுக்குச் சென்றன. ஒவ்வொரு பிஸ்டலின் எண்ணும் நிறுவனத்தின் பேரேட்டில் இருந்தது. அதனால் பின்னாளில் எங்கே ஒரு மவுசர் பிடிபட்டாலும், அது அந்த ஐம்பதில் ஒன்றா என்பதை ஆட்சியாளர்களால் சொல்ல முடிந்தது. அடக்குமுறைக்கு எண் உதவிய கதை இது.

இரண்டாவது, எண் நம் பக்கம் நின்ற கதை. 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் சாண்டர்ஸ் சுடப்பட்ட வழக்கில் பகத்சிங்கின் கோல்ட் .32 பிஸ்டல் சான்றுப் பொருளாயிற்று. அதன் எண் 168896. 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். பிஸ்டல் பஞ்சாபின் பில்லௌர் காவலர் பயிற்சிப் பள்ளிக்குப் போய், அங்கிருந்து 1969இல் வேறு சில ஆயுதங்களோடு இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றது. அங்கே இன்னாருடையது என்று அறியாமலே கறுப்பு வண்ணம் பூசிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஜுபிந்தர்ஜித் சிங் என்ற பத்திரிகையாளர் பழைய ஆவணங்களிலிருந்து எண்ணைக் கண்டெடுத்து விடாமல் தேடினார். 2016இல் வண்ணத்தைச் சுரண்டியபோது, அடியில் அதே எண் இருந்தது! எண்பத்தைந்து ஆண்டுகள் அநாதையாகக் கிடந்த ஆயுதம் ஆறு இலக்கங்களால் தன் உரியவரின் பெயரைத் திரும்பப் பெற்றது. பின்னர் அது பஞ்சாபின் உசைனிவாலாவில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

முடிவாக

முத்திரை தானே பேசுவதில்லை. பர்மிங்காமின் கிரீடத்துக்குச் சோதனைச் சாலையின் விதிநூலும், வால்பாறையின் 214க்கு ஒரு பழைய ரசீதும், 168896க்கு லாகூர் வழக்கின் தாள்களும் துணை நின்றன. இரும்பில் உள்ள எண்ணும் தாளில் உள்ள எண்ணும் சந்திக்கும் இடத்தில்தான் உண்மை வெளிப்படுகிறது. இரண்டில் ஒன்றைத் தொலைத்தாலும் நேர்மையானவர் குற்றவாளி ஆகலாம். தியாகியின் ஆயுதம் பெயரற்ற இரும்பாகலாம்.

ஆகவே நண்பர்களே, வீட்டில் உள்ள பழைய ரசீதுகளைக் குப்பையென்று எரிக்காதீர்கள். பதிவேட்டில் எண் எழுதும் பணிக்கு நாளை நம்மில் பலர் செல்லக்கூடும். எழுதும் முன் பொருளைப் புரட்டிப் பார்த்து எழுதுவோம். பட்டறையில் என் தந்தை ஒவ்வொரு துண்டையும் அப்படிப் புரட்டிப் பார்த்த பிறகே சுத்தியலைத் தூக்குகிறார்.