கொசுவும் புல் மருந்தும்

அன்புள்ள தம்பிக்கு,

பாச்சாங்கில் உங்கள் தாமானில் கொசுப் புகை அடித்துவிட்டுப் போனதும், "கொசுவுக்குப் பயப்படுவதா, மருந்துக்கா?" என்று கேட்டிருந்தாய். தோட்டத்து மக்கள் இரண்டிடமும் அடிபட்டவர்கள்.

ஒரு காலத்தில் பால்மரக்காடுகளில் குளிர்காய்ச்சல், அதாவது மலேரியா, லயம் லயமாக ஆட்களைச் சாய்த்தது. மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்பதற்கான முதல் சான்றை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார். அதை நம்பி, 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்புநீரை வடிக்க வாய்க்கால் வெட்டச் செய்தார். அந்த ஆண்டு கிள்ளான்வாசிகளில் மலேரியாவோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 334 பேர். 1905இல் 12 பேர்.

மலைப்பாங்கான தோட்டங்களில் அந்த வழி பலிக்கவில்லை. காட்டை வெட்டி வெயில் விழுந்ததும் காய்ச்சல் கூடியது! அங்கே இருந்தது வேறு கொசு. சமவெளிக் கொசு நிழல் சதுப்பில் முட்டையிடும்; இந்த அனோபிலிஸ் மாகுலேட்டஸ், வெயில்படும் தெளிந்த ஓடையில். ஓடையை மண்ணுக்கடியில் குழாய் வழியே விட்டும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும்தான் அதை அடக்க முடிந்தது.

பிறகு தோட்டங்களுக்குக் களையைக் கொல்லும் புல் மருந்து வந்தது. மருந்து பம்பைத் தோளில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாராகுவாட் என்னும் அந்த மருந்து பட்டால் தோல் வெந்துபோகும், நகம் கழலும், மூக்கில் இரத்தம் வரும். ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரல் இறுகிவிடும், முறிமருந்து கிடையாது. தெனகானித்தா என்ற அமைப்பு தோட்டப் பெண்களின் இந்தப் பாடுகளை 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு மலேசிய அரசு பாராகுவாட்டுக்குத் தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்தான். அதற்குள் எத்தனை பெண்களின் கைகள் வெந்தனவோ!

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் மலேசிய மண்ணில் இல்லை. குரங்கிலிருந்து தொற்றும் வகை காட்டோரங்களில் இன்னும் உண்டு. பாச்சாங்கில் இப்போது கவலை டிங்கிதான். அதன் ஏடிஸ் கொசு வாளியிலும் பூந்தொட்டித் தட்டிலும் முட்டையிடும். புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், நீரிலுள்ள புழுவை அல்ல. ஆகவே வாரம் ஒருமுறை அந்த நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவு. புகை வண்டி வரும்போது சோற்றையும் குடிநீரையும் மூடிவை. தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நில். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதைச் சோடா பாட்டிலில் ஊற்றிவைக்க யாரையும் விடாதே.

அன்புடன்,
மாமா