அப்பா வேனில் பாட்டு கேட்க எந்த அடாப்டர் வாங்கலாம்?

இந்த மாத அறிவியல் பகுதிக்கு நான் எழுதுவது எங்கள் வீட்டில் நடந்த விஷயம்.

எங்கள் அப்பா மாருதி ஆம்னி வேன் ஓட்டுகிறார். ராத்திரி இரண்டரை மணிக்குக் கிளம்பி, பெருங்களத்தூரிலிருந்து பைபாஸ் வழியாகக் கோயம்பேடு போய்க் காய்கறி ஏற்றி வருவார். தூக்கம் வராமல் இருக்கப் பாட்டு வேண்டும். சித்தப்பா கொடுத்த பழைய எம்.பி.3 பிளேயரில் அப்பாவுக்குப் பிடித்த பாட்டெல்லாம் இருக்கு. செத்துப்போன எங்க ஆயா பேசியதும் அதில்தான் பதிவாகி இருக்கு. வேனில் இருப்பதோ கேசட் போடுகிற பழைய செட்டு. அதனால் அப்பா காதில் இயர்போன் மாட்டிக்கொண்டே ஓட்டினார். ஒரு நாள் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது கேட்கவே இல்லையாம். மயிரிழையில் தப்பித்தேன் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்துதான் நான் இதைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் செட்டின் முகப்பைப் பார்க்க வேண்டும். ‘ஆக்ஸ்’ என்று எழுதிய சின்ன ஓட்டை இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள ஒயர் ஒன்று போதும். அந்தப் பின்னில் கறுப்பு வளையங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுனி இடது பக்க ஒலிக்கு, நடுப்பகுதி வலது பக்க ஒலிக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவானது. நடுவில் வேறு எதுவும் இல்லாததால் சத்தம் சுத்தமாக வரும். எங்கள் செட்டில் அந்த ஓட்டை இல்லை. யு.எஸ்.பி.யும் இல்லை. பிளேயரில் ப்ளூடூத்தும் கிடையாது.

தாம்பரத்தில் ஒரு கடையில் கேட்டோம். “எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கிட்டுப் போங்க, எல்லா வண்டிக்கும் வேலை செய்யும்” என்றார்கள். முந்நூறு ரூபாய். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகினால் வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடும். பிளேயரில் வரும் பாட்டை ரேடியோ அலையாக மாற்றி அனுப்பும். செட்டில் அதே எண்ணை வைத்தால் பாட்டு கேட்கும். அதாவது வேனுக்குள்ளேயே ஒரு குட்டி வானொலி நிலையம்! 88.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். 300ஐ 88.1ஆல் வகுத்தால் 3.4 மீட்டர். ஆம்னி வேனின் நீளமும் கிட்டத்தட்ட அதேதான்.

ஆனால் நாங்கள் வாங்கியதில் ஏழே எண்கள்தான் இருந்தன. 106.7இல் தொடங்கி 107.9 வரை. வீட்டு வாசலில் நன்றாகப் பாடியது. பைபாஸில் போகப் போக, நகரம் நெருங்க நெருங்க, ஒரே கரகர. காரணம் இதுதான். ஒரே இடத்தில் இரண்டு அலை வந்தால் எஃப்.எம். ரேடியோ பலமானதையே பிடித்துக்கொள்ளும். இந்தியாவிலேயே முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று நம் சென்னையில்தான் தொடங்கியது. இப்போது 93.5, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாக நிலையங்கள். நுங்கம்பாக்கத்தில் ஒரு மகளிர் கல்லூரியின் சமுதாய வானொலி 107.8இல் வருகிறது. 106.4க்கும் 107.8க்கும் நடுவில் எங்கள் சின்னப் பெட்டி என்ன செய்யும், பாவம்! ஒரு சிக்னலில் பக்கத்து காரின் பாட்டு எங்கள் செட்டில் பாடியது தனிக் கதை. எண்ணை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடிய வகை வாங்கியிருந்தால் 88 பக்கம் காலி இடம் தேடியிருக்கலாம். கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முந்நூறு ரூபாய் போச்சு. அப்பா மறுபடியும் இயர்போனை மாட்டினார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

பிறகு நம் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். கேசட் அடாப்டர் என்று ஒன்று இருக்கிறதே என்றார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் மின்சார ரயிலில் எழும்பூர் போய், அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் நடந்தோம். ஆறு கடை ஏறி இறங்கி ஏழாவது கடையில் கிடைத்தது, இருநூற்று ஐம்பது ரூபாய்.

பார்க்க கேசட் மாதிரியே இருக்கும். உள்ளே நாடா இருக்காது. நாடா உரச வேண்டிய இடத்தில் கம்பி சுற்றிய ஒரு சின்ன காந்த ஹெட் இருக்கும். பிளேயரிலிருந்து வரும் மின்னோட்டம் கூடிக் குறைய, அதன் காந்தப்புலமும் கூடிக் குறையும். எதிரே செட்டில் உள்ள ஹெட், நாடாதான் ஓடுகிறது என்று ஏமாந்து அதை மறுபடி மின்னோட்டமாக மாற்றிவிடும். நம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் வரும் மின்காந்தத் தூண்டல்தான் இது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தது எங்க வேனில் பாடுகிறது! மின்மாற்றியில் இரண்டு சுருள்கள் தொடாமலே பேசிக்கொள்கிற மாதிரிதான். வானத்தில் எத்தனை நிலையம் இருந்தாலும் இதற்குக் கவலை இல்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். உள்ளே பல்சக்கரங்கள் சுலபமாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் நாடா முடிந்துவிட்டது என்று நினைத்து செட்டு பக்கத்தை மாற்றும், அல்லது வெளியே தள்ளிவிடும். எங்களுக்கு முதல் நாள் மூன்று தடவை தள்ளியது. அப்பா ஒரு பல்சக்கரத்தைக் கழற்றியதும் சரியானது. இன்னொன்று, ஒயர் வெளியே வரும் பக்கமும் செட்டின் வாய்ப்பக்கமும் ஒத்துப்போக வேண்டும். மாட்டுவதற்கு முன் செட்டின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தோம். பஞ்சு காபிப்பொடி நிறத்தில் வந்தது! பிளேயரில் சத்தத்தை முக்கால்வாசி வைத்து, மீதியைச் செட்டில் கூட்டுங்கள். பிளேயரில் குறைத்து வைத்தால் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும்.

முதல் பாட்டு பாடும்போது பின்னால் ஒரு மோட்டார் பைக் ஹாரன் அடித்தது. அப்பா உடனே ஒதுங்கி வழி விட்டார். அப்புறம், “பாப்பா, ஆயா பேசுறதப் போடு” என்றார். வேன் முழுக்க ஆயா குரல் கேட்டது. இடையிடையே பல்சக்கரம் சுற்றும் கிர்ர் சத்தமும் கேட்கத்தான் செய்தது.

உங்கள் வீட்டில் உடைந்துபோன கேசட் அடாப்டர் இருந்தால் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். மதிய இடைவேளையில் பிரித்துப் பார்க்கலாம். திருப்புளி நான் கொண்டு வருகிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு