கௌதாரிக் கூடும் புல்லறுப்பும்

நவம்பர் மாதம் வந்துவிட்டால் இங்கே அமெரிக்காவில் நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வான்கோழிப் படம் வரைந்து கொண்டு வருகிறார்கள். சாப்பாட்டு மேசைக்கு வரும் வான்கோழி பண்ணையில் வளர்ந்தது. அதன் காட்டு இனம் இன்றும் இந்நாட்டின் காட்டோரங்களிலும் புல்வெளிகளிலும் திரிகிறது. தரையிலேயே கூடு வைக்கிறது. அங்கேதான் அதற்கும் குடியானவனுக்கும் வழக்கு வருகிறது.

கணக்கு மிகவும் எளிது. பெட்டை நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். அதன்பின் 28 நாள் அடைகாக்கும். ஆக, ஒரு கூடு நிறைவேற ஏறக்குறைய 40 நாள் வேண்டும். மாட்டுத் தீவனத்துக்காக வளர்க்கும் குதிரைமசாலையோ ஏறக்குறைய மாதத்திற்கு ஒருமுறை அறுக்கிறார்கள். உலர்புல்லின் முதல் அறுப்பு மே கடைசியிலும் ஜூன் மாதத்திலும் வருகிறது. பெட்டை அடைகாப்பதும் அப்போதுதான். நரி வந்தால் அசையாமல் பதுங்கிக் கிடப்பது அதன் பிறவி அறிவு. நரியிடமிருந்து காப்பாற்றும் அந்த அறிவே இயந்திரக் கத்தி வரும்போது அதைக் கொன்றுவிடுகிறது.

இதே கணக்கை எங்கள் ஊருக்கும் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. பேத்தமங்களா என்றால் கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாலாற்றின் குறுக்கே உள்ள அந்தப் பெரிய ஏரியின் தண்ணீர்தான் குழாய் வழியே சுரங்க ஊருக்குப் போயிற்று. சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஏரியைச் சுற்றிய நிலங்களில் கேழ்வரகு, நிலக்கடலை, துவரை, அவரை விளைகின்றன. மழை பொய்த்தாலும் வீட்டைத் தாங்குவது பால்மாடுதான்.

வான்கோழிக்கு அங்கே ஒன்றுவிட்ட உறவு கௌதாரி. கன்னடத்தில் கௌஜல ஹக்கி, தெலுங்கில் கௌஜு பிட்ட. மூன்று மொழியும் புழங்கும் எங்கள் ஊரில் மூன்று பெயரும் கேட்கும். அதன் அறிவியல் பெயரில் புதுச்சேரி இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், வியந்து போவார்கள். புதரடியிலோ வரப்போரப் புல்லிலோ சிறு பள்ளம் பறித்து, ஆறு முதல் எட்டு முட்டை வரை இடும். 18 அல்லது 19 நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் பிறந்த சிறிது நேரத்திலேயே தாயுடன் ஓடத் தொடங்கிவிடும். ஆகவே அதற்கு வேண்டியது நான்கு வாரத் தொல்லையில்லாத தரை. அவ்வளவே.

இங்கேதான் அமெரிக்கக் கணக்கை அப்படியே எடுத்துப் போகக்கூடாது. எங்கள் பக்கத்தில் பெரிய அறுவடை கேழ்வரகு. அதன் தாள் வெட்டிப் போர் போடுவது நவம்பர், டிசம்பரில். கௌதாரியின் முக்கியக் கூடுகட்டும் காலமோ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. தாளறுப்பு அதை அதிகம் தொடுவதில்லை. தொடுவது வேறு இரண்டு. ஒன்று, கோடை மழை விழுந்ததும் டிராக்டர் விட்டு உழுவது. வெட்டவெளியில் நான்கு முட்டையிட்டு ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும் ஆள்காட்டிக்கும் இதுதான் ஆபத்து. மற்றொன்று, மழைக்காலத்தில் மாட்டுக்காக வரப்புப் புல்லை அறுப்பது. பயிர் இன்னும் உயராத அம்மாதங்களில் கௌதாரி மறைவு தேடும் இடமும் அந்த வரப்புதான்.

கையில் அரிவாளோடு குனிந்து அறுக்கிறவர் கண்ணில் முட்டை படும். பறவையும் எழுந்து பறக்க நேரமிருக்கும். தோளில் மாட்டிய புல்வெட்டும் இயந்திரத்துக்குக் கண் கிடையாது. கூடு தப்பினாலும், சுற்றிலும் மொட்டையடித்த பிறகு காக்கையும் கீரியும் நாயும் சும்மா விடுவதில்லை.

எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பா மகனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "அண்ணா, மாடு பசியோட நிக்குது. கௌதாரிக்காக அதை லீவு எடுக்கச் சொல்லட்டுமா?" என்றான். நியாயமான கேள்வி. ஒரு கலப்பினப் பசுவுக்கு நாளொன்றுக்கு இருபது கிலோவுக்குக் குறையாமல் பசும்புல் வேண்டும். இங்கே உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்வது எனக்குச் சுலபம். புல்லுக்குப் போகிறவன் அவன்.

ஆனால் பேசப் பேச வழி கிடைத்தது. எல்லா வரப்பையும் ஒரே வாரத்தில் மழிக்காமல் மாற்றி மாற்றி அறுப்பது. ஏரிக்கரைப் பக்கத்து வரப்பைச் செப்டம்பர் கடைசிவரை விட்டுவைப்பது. முட்டை கண்ணில் பட்டால் அதைத் தொடாமல் சுற்றிலும் ஒரு கட்டில் அளவு புல்லை விடுவது. தீவனப்புல் பாத்தியை ஓரத்திலிருந்து உள்ளே அறுத்துக்கொண்டு போனால் குஞ்சுகள் நடுவில் சிக்கிக்கொள்ளும். நடுவிலிருந்து வெளியே அறுத்தால் வேலிப் பக்கம் ஓடிவிடும். இதற்குக் காசு செலவில்லை என்றதும் அவனும் சரி என்றான். ஏரிக்கரை வரப்புக்கு மட்டும் இன்னும் முழுச் சம்மதம் வரவில்லை.

நடுவிலிருந்து அறுக்கும் முறை நானாகச் சொன்னதல்ல. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் புல்வெளியில் கூடு வைக்கும் காணாங்கோழி இனமொன்றுக்காக அப்படித்தான் அறுக்கிறார்கள். அறுப்பைத் தள்ளிப்போடும் குடியானவர்களுக்குப் பணமும் கிடைக்கிறது. நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. வரகுக்கோழிக்காக மத்தியப் பிரதேசத்தின் சைலானாவில் 1983ஆம் ஆண்டு சரணாலயம் அமைத்தார்கள். பேத்தமங்களா கௌதாரிக்கு அப்படி யாரும் பணம் தரப்போவதில்லை. அது அருகிவிட்ட பறவையும் அல்ல. இருக்கிறபோதே விட்டுவைப்பது எளிது என்பதுதான் என் கட்சி. போதாததற்கு அது கரையானைத் தின்று உழவனுக்கு உதவியும் செய்கிறது.

பழைய முறையிலும் ஒரு நன்மை இருந்தது. கேழ்வரகுக்கு நடுவே அவரை, துவரை, கடுகு சால் விடுவதைக் கன்னடத்தில் அக்கடி சால் என்பார்கள். கேழ்வரகு அறுத்த பின்னும் துவரை நிற்கும்; நிலம் முழுவதும் ஒரேயடியாக வெறிச்சோடாது. தனிப்பயிரும் வாடகை இயந்திரமும் வந்தால் அந்த மறைவும் போய்விடும்.

கோடை விடுமுறைக்கு ஜூன், ஜூலையில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் கவனிக்க: அதுதான் கூடுகளின் காலம். பொழுது விடியும் நேரத்தில் பிள்ளைகளை வரப்பருகே அழைத்துப் போனால் கௌதாரியின் உரத்த கூவலைக் கேட்கலாம். காலடியிலிருந்து பறவை ஒன்று படபடவென்று எழுந்தால், முட்டையைத் தேடாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். நீங்கள் கண்மறைந்த பிறகு அது திரும்பி வந்து உட்காரும்.