அவத்தை நிலையாக நிற்பதில்லை

எங்கள் வீடுகளுக்கு வரும் ஆடலோட்ட மின்சாரம் ஒரு சைன் அலை. அது எவ்வளவு உயர்கிறது என்பது வீச்சம். செக்கனுக்கு எத்தனை சுற்று என்பது மீடிறன். இலங்கையில் இது 50 ஹேர்ட்ஸ். குறித்த ஒரு கணத்தில் அலை தன் சுற்றின் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அவத்தை. பயிற்சிக் கணக்குகளில் இரண்டு அலைகளின் அவத்தை வித்தியாசம் பெரும்பாலும் மாறிலியாகவே வரும். அது நேரத்தோடு மாறினால் என்ன நடக்கும்?

யுத்த காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, மின்பிறப்பாக்கிகளில் தங்கியிருந்ததைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். 2013 இல் கிளிநொச்சி - சுன்னாகம் மின்வழியூடாக அது மீண்டும் வலையமைப்போடு சேர்ந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பிறப்பாக்கியை இன்னொரு மின்வழியோடு இணைப்பது வெறுமனே ஆளியைப் போடுகிற வேலையல்ல. வலையமைப்பு 50 ஹேர்ட்ஸிலும் பிறப்பாக்கி 49.9 ஹேர்ட்ஸிலும் ஓடுவதாகக் கொள்வோம். வித்தியாசம் 0.1 மட்டுமே. ஆயினும் ஒன்றாகத் தொடங்கிய இரு அலைகளும் 5 செக்கனில் நேரெதிராகிவிடும். 10 செக்கனில் மீண்டும் ஒன்றுசேரும். 230 வோல்ற்று மின்சாரத்தின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ற்று. நேரெதிராக நிற்கும் கணத்தில் இரண்டுக்கும் இடையே 650 வோல்ற்று! அப்போது இணைத்தால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து பொறியையே பழுதாக்கும். அதனால்தான் மின்நிலையங்களில் அவத்தை வித்தியாசத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்து, அது பூச்சியத்துக்கு வரும் கணத்தில் இணைக்கிறார்கள்.

இதைக் கணினி விரிதாளில் நாமே செய்து பார்க்கலாம். மீடிறன் மாறாதிருந்தால் வேலை சுலபம்: சைன் (2 × பை × மீடிறன் × நேரம்). ஆனால் சுமை கூடும்போது பிறப்பாக்கி மெதுவாகும். 10 செக்கனில் மீடிறன் 50 இலிருந்து 49 ஆகச் சீராகக் குறைகிறது என்று வைப்போம். அதே சூத்திரத்தில் மாறும் மீடிறனை அப்படியே போட்டால் 10 ஆவது செக்கனில் 49 × 10 = 490 சுற்றுகள் என்று வரும். இது பிழை. சராசரி மீடிறன் 49.5 என்பதால் 495 சுற்றுகளே நடந்திருக்கும்.

காரணம் எளிது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸின் இப்போதைய வேகத்தை, புறப்பட்டதிலிருந்து கழிந்த மொத்த நேரத்தால் பெருக்கினால் வந்த தூரம் கிடைக்குமா? கிடைக்காது. ஒவ்வொரு சிறு நேரத்திலும் போன தூரத்தைக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். அவத்தையும் அப்படித்தான், அது சேர்ந்துகொண்டே போகும் ஒரு கணியம். இணைந்த கணிதத்தில் நாம் படிக்கும் தொகையீடு இதுவே.

ஆகவே விரிதாளில் நான்கு நிரல்கள் போதும். முதலாவதில் நேரம், 0.001 செக்கன் இடைவெளியில். இரண்டாவதில் அந்தக் கணத்து மீடிறன். மூன்றாவதில் அவத்தை: மேல் நிரையிலுள்ள அவத்தையுடன் 2 × பை × மீடிறன் × 0.001 ஐக் கூட்டவேண்டும். நான்காவதில் அந்த அவத்தையின் சைன் பெறுமானம். பக்கத்தில் மாறாத 50 ஹேர்ட்ஸ் அலை ஒன்றையும் அமைத்து, இரண்டின் வித்தியாசத்தையும் வரைபாக்குங்கள். வித்தியாச அலை விரிந்து சுருங்கும். நேரம் செல்லச் செல்ல அந்த விரிவும் சுருக்கமும் விரைவாகும். பௌதிகவியலில் வரும் அடிப்பு இதுதான். கடைசி நிரையின் அவத்தையை 2 × பை ஆல் வகுத்து, ஏறத்தாழ 495 வருகிறதா என்று சரிபாருங்கள்.

இதில் பெற்றோருக்கும் ஒரு செய்தி உண்டு. வீட்டிலோ கடையிலோ ஜெனரேற்றர் வைத்திருப்பவர்கள், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே இணைக்கும் மாற்று ஆளியைக் கட்டாயம் பொருத்தவேண்டும். அது இல்லாவிட்டால், கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்கு ஜெனரேற்றரின் மின்சாரம் ஆபத்தாகும். போன மின்சாரம் திரும்பி வரும்போதும், ஜெனரேற்றரின் அலை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து அது வருவதில்லை.