களத்து நெல்லும் பொதுப்பகுதியும்

அரையாண்டுத் தேர்வில் நம்மில் பலரை வழுக்கிவிட்ட கணக்கு ஒன்று உண்டு. பாகூர்ப் பக்கத்து உழவர் ஒருவரின் களத்தில் 60 மூட்டை நெல். அதில் 1/4 பங்கு உழவுக்கும் விதைக்கும் வாங்கிய கடனுக்குப் போகிறது. 1/5 பங்கு உரக்கடைக்கு. 1/6 பங்கு நடவு, அறுப்புக் கூலிக்கு. வீட்டுக்கு மிஞ்சுவது எத்தனை மூட்டை?

நாம் செய்தது என்ன? மேலிருந்த ஒன்றுகளைக் கூட்டி 3 என்றோம். கீழிருந்த 4, 5, 6 ஆகியவற்றைக் கூட்டி 15 என்றோம். 3/15, அதாவது 1/5. செலவு 12 மூட்டை, மிச்சம் 48 என்று எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தோம்!

முதல் செலவான 1/4 மட்டுமே 15 மூட்டை ஆயிற்றே; மூன்று செலவும் சேர்ந்து 12 ஆவது எப்படி? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அங்கேயே பிழை பிடிபட்டிருக்கும்.

இரண்டு படியும் மூன்று மரக்காலும் சேர்ந்தால் ஐந்து என்று எந்த அம்மாவும் சொல்லமாட்டார். எல்லாவற்றையும் படியாக்கியே கூட்டுவார். பின்னங்களும் அப்படித்தான். பகுதி வேறானால் துண்டின் அளவு வேறு. 4, 5, 6 மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு 60. ஆகவே 15/60, 12/60, 10/60. இப்போது தொகுதிகளைக் கூட்டலாம்: 37/60. செலவு 37 மூட்டை, மிச்சம் 23. (மூன்றையும் பெருக்கி 120ஐ வைத்தாலும் தவறில்லை; 74/120 வரும், சுருக்கினால் அதுவே.) 48 மிஞ்சும் என்று நம்பி, 30 மூட்டைக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், குறையும் 7 மூட்டைக்கு அந்த உழவர் எங்கே போவார்? வீட்டில் உலை வைக்கவும் நெல் இராதே.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த நம் முன்னோர் பொதுப்பகுதியைத் தேடி அலையவில்லை. முந்திரி என்ற 1/320ஐ அடியாக வைத்துக்கொண்டார்கள். காணி 4 முந்திரி, மா 16, அரைக்கால் 40, கால் 80. (நம் பக்கத்தில் 100 குழி நிலத்தைக் காணி என்கிறோமே, அது வேறு, இந்தக் காணி 1/80.) மாகாணி என்ற சொல்லையே பாருங்கள். மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி: 1/20 + 1/80. பொதுப்பகுதி 80 ஆக்கினால் 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. வீசம் என்று சொல்வதும் இதைத்தான். ஒரு சொல்லுக்குள் ஒரு கூட்டல் கணக்கே அடங்கியிருக்கிறது! ஆனால் அரைக்காலை அப்படிப் பிரித்துவிடக் கூடாது. அது அரையும் காலும் அன்று, காலில் பாதி.

320க்கும் ஓர் எல்லை உண்டு. அது 3ஆல் மீதியின்றி வகுபடாது. ஆகவே நம் களத்துக் கூலியான 1/6 முழு முந்திரிகளில் அடங்காது. 3ஆல் பெருக்கி 960 ஆக்கினால் அடங்கும்: 240 + 192 + 160 = 592. 592/960ஐச் சுருக்கிப் பாருங்கள், அதே 37/60.

பயிற்சிக்கு ஒன்று: காலும் அரைக்காலும் மாவும் சேர்ந்தால் எவ்வளவு? முதலில் முந்திரியில் கூட்டுங்கள். பிறகு 4, 8, 20க்குப் பொதுப்பகுதி கண்டு செய்யுங்கள். இரண்டிலும் 17/40 வரவேண்டும்.