வீட்டுப் படிப்பும் உண்மைக் கணக்கும்



பிள்ளைகளைப் படிப்பிக்கும் முதற் கடமையும் உரிமையும் பெற்றோருடையவை என்பது திருச்சபையின் போதனை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் இதை மீண்டும் வற்புறுத்திற்று. நாம் வாழும் பென்சில்வேனியா மாநிலமும், வீட்டிலேயே படிப்பிக்க 1988-ம் வருஷத்துச் சட்டத்தால் இடங்கொடுத்துள்ளது. ஆனால் உரிமை வரும்போது கணக்கும் கூடவே வருகிறது.

சட்டம் கேட்பது என்ன?

1. வீட்டுப் படிப்பைத் தொடங்குமுன்னும், பின்பு வருஷந்தோறும் ஆகஸ்டு 1-க்குள்ளும், பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். பாடத் திட்டக் குறிப்பும், தடுப்பூசி, வைத்தியச் சான்றுகளும் அதனுடன் சேர வேண்டும்.

2. வருஷத்தில் 180 நாள் படிப்பிக்க வேண்டும். அல்லது ஆறாம் வகுப்பு வரை 900 மணி, அதற்குமேல் 990 மணி. குறித்த பாடங்களை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும். தமிழும் ஞானோபதேசமும் கூடுதலாகப் படிப்பிக்கத் தடையில்லை.

3. 3, 5, 8-ம் வகுப்புகளில் பொதுத் தேர்வு உண்டு. அதைப் பெற்றோர் நடத்தக் கூடாது.

4. தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளையோடு பேசி, அதன் வேலைகளைப் பார்த்து எழுதும் சான்றிதழ், ஜூன் 30-க்குள் கண்காணிப்பாளரிடம் சேர வேண்டும். தாயோ தகப்பனோ மதிப்பீட்டாளராக முடியாது.

அவர் பார்ப்பது எதை? நீங்கள் சேர்த்து வைத்த கோப்பை. அதில் படித்த புத்தகங்களின் பெயர் எழுதிய தினக் குறிப்பும், பிள்ளையின் எழுத்து, கணக்கு, சித்திரம் ஆகியவற்றின் மாதிரிகளும் இருக்க வேண்டும். தினக் குறிப்பை அவ்வப்போதே எழுதவேண்டுமென்று சட்டமே சொல்லுகிறது.

சோதனை இங்கேதான். ஜூன் மாதம் வந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இரண்டு மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி, நடவாத நாட்களுக்கும் பாடம் எழுதி வைக்கத் தோன்றும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதைப் பார்க்கிறது. வருஷமெல்லாம் நீங்கள் சொன்ன பாடம் மறந்துபோனாலும், அன்று பார்த்த பாடம் மறக்காது. பொய் கற்பிக்கவா பிள்ளையை வீட்டில் வைத்தோம்?

ஆகையால், இராச் செபத்துக்கு முன் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். தேதி, பாடம், புத்தகம் ஆகியவற்றை எழுதுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தாள்களோடு சுமாரான தாள்களையும் கோப்பில் வையுங்கள். வளர்ச்சி தெரிவது அதில்தான். காய்ச்சலால் விட்டுப்போன நாளை வெறுமையாகவே விடுங்கள். ஈடு செய்ய வேறு நாட்கள் உண்டு.

சர்க்கார் வருஷத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்கிறது. அந்தப் பிள்ளையைத் தந்த சர்வேசுரனும் ஒருநாள் கேட்பார். இரண்டுக்கும் ஒரே நோட்டுப் புத்தகம் போதுமானதாய் இருக்கட்டும்.