வளரும் பிள்ளைகளின் கழுத்துக் கோளமும் தேக அமைப்பும்

கல்வராயன் மலையிலும் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பகுதிக் கிராமங்களிலும், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்கழுத்து சற்றுப் புடைத்துத் தோன்றினால், “இது கழலையோ, வளர்ச்சியோ?” என்று பெற்றோர் ஐயுறுவது இயல்பே. இவ்வையத்தைத் தீர்க்கும் அறிவு ஒவ்வோர் ஐக்கிய சங்க அங்கத்தினருக்கும் வேண்டும். ஏனெனில் நோயின் காரணம் பெரும்பாலும் உப்பில் இருக்கிறது. அவ்வுப்பு குடும்பங்களுக்குச் செல்லும் வழிகளுள் சங்கக் கடையும் ஒன்று.

1. கோளம் என்பது யாது?

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின் முன்பக்கத்தை அணைத்தவாறு, சிறகு விரித்த வண்ணாத்திப்பூச்சியைப் போன்ற ஒரு சுரப்பி உண்டு. இதனை வைத்தியர்கள் தைராய்டு கோளம் என்பர். பிறந்த குழந்தைக்கு இதன் நிறை 1 கிராமுக்குச் சற்று மேற்பட்டது. வளர்ந்தவர்க்கு 15 முதல் 25 கிராம் வரை இருக்கும். இவ்வளவு சிறிய உறுப்பே தேகத்தின் உஷ்ணம், எலும்பின் வளர்ச்சி, மூளையின் விருத்தி முதலியவற்றை நடத்தும் ரசத்தை உண்டாக்குகிறது. அந்த ரசத்திற்கு மூலப்பொருள் அயோடின் என்னும் சத்து. 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 120 மைக்ரோகிராமும், அதற்கு மேற்பட்டவர்க்கு 150 மைக்ரோகிராமும், கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராமும் வேண்டும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லக்ஷத்தில் ஒரு பங்கு.

2. வயதைவிடத் தேகமே நல்ல அளவுகோல்

பிள்ளை வளர வளரக் கோளமும் வளர்கிறது. பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிடச் சுமார் இரண்டாண்டு முன்னதாக உயரத் தொடங்குவதால், அவர்களுடைய கோளமும் முந்திப் பெருக்கும். ஆனால் ஒரே வயதினர் எல்லோரும் ஒரே தேகத்தினர் அல்லர். ஒருவன் நெட்டையும் மெலிவுமாக இருப்பான். மற்றொருவன் குட்டையும் பருமனுமாக இருப்பான். கோளத்தின் அளவு வயதைவிடத் தேகத்தின் பரப்போடு, அதிலும் கொழுப்பு நீங்கிய தசைப்பகுதியோடு, நெருங்கிய ஒற்றுமை உடையது. வேலை செய்யும் தேகம் எவ்வளவோ, அதற்கேற்ற ரசத்தைத் தரும் அளவே கோளமும் இருக்கும்.

தேகப் பரப்பைக் கணக்கிடுவது எளிது. உயரத்தைச் சென்டிமீட்டரிலும் நிறையைக் கிலோகிராமிலும் எடுத்துப் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வரும் ஈவின் வர்க்கமூலத்தைக் காண்க. அதுவே சதுர மீட்டரில் பரப்பாகும்.

உதாரணமாக 12 வயதுள்ள இரு சிறுமிகளைக் கொள்வோம்.

முதற் சிறுமி: உயரம் 135, நிறை 27. பெருக்கம் 3645, பரப்பு சுமார் 1.0 சதுர மீட்டர்.
இரண்டாம் சிறுமி: உயரம் 150, நிறை 42. பெருக்கம் 6300, பரப்பு சுமார் 1.3 சதுர மீட்டர்.

அயோடின் குறைவில்லாத 6 நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளை ஒலியலைக் கருவியால் அளந்து, 2004-ஆம் ஆண்டில் ஓர் அட்டவணை வெளியிடப்பட்டது. அதன்படி பெண்பிள்ளைக்குப் பரப்பு 1.0 ஆனால் கோளத்தின் மேலெல்லை சுமார் 3.8 மில்லிலிட்டர்; 1.3 ஆனால் சுமார் 5.6 மில்லிலிட்டர். வயதை மாத்திரம் நோக்கினால் 12 வயதுச் சிறுமிக்கு எல்லை சுமார் 6.5 மில்லிலிட்டர்.

இப்போது இரு சிறுமிகளின் கோளமும் 5 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வயது அட்டவணைப்படி இருவரும் குற்றமற்றவர்கள். பரப்பு அட்டவணைப்படி இரண்டாமவள் குற்றமற்றவள். முதலாமவளுக்குக் கோளம் பெருத்திருக்கிறது. வயதையே நம்பினால், போதிய உணவின்றிக் குட்டையாய் வளர்ந்த பிள்ளையின் நோய்தான் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆதலால் வளர்ச்சிக் குறைவு மிகுந்த பிரதேசங்களில் பரப்பைக் கொண்டே மதிப்பிட வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியுள்ளது.

3. மெலிந்த கழுத்தும் பருத்த கழுத்தும்

கண்பார்வை இருவகையில் ஏமாற்றும். நீண்டு மெலிந்த கழுத்தில் இயல்பான கோளமே எடுப்பாகத் தெரியும். பெற்றோர் வீணே அஞ்சுவர். கொழுத்த கழுத்தில் பெருத்த கோளமும் மறைந்து கிடக்கும். பெற்றோர் கவலையின்றி இருந்துவிடுவர். மிகப் பருத்த பிள்ளைகளுக்குக் கோளம் சற்றே பெரிதாயிருப்பதும் உண்டு.

கையால் தடவிப் பார்க்கும் வைத்தியர்க்கு ஓர் எளிய விதி இருக்கிறது. கோளத்தின் ஒரு பக்கத்து மடல், அதே பிள்ளையின் பெருவிரல் நுனிக் கணுவைவிடப் பெரியதாயின் அது பெருத்த கோளம். பரிசோதிப்பவரின் விரலன்று, பிள்ளையின் சொந்த விரலே அளவு. சிறிய தேகத்திற்குச் சிறிய விரல், பெரிய தேகத்திற்குப் பெரிய விரல் என்பதால், தேக அமைப்பு இவ்விதியிலேயே அடங்கிவிடுகிறது. தடவினால் மட்டும் தெரிவது முதற்படி. கழுத்து நேராய் இருக்கும்போதே கண்ணுக்குத் தெரிவது இரண்டாம்படி. 6 முதல் 12 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர்க்கு இவ்வாறு இருப்பின், அது அவ்வூர் முழுமைக்குமான குறையாகக் கொள்ளப்படும்.

4. கோளம் ஏன் பெருக்கிறது?

அயோடின் குறைந்தால் ரசம் குறையும். உடனே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி, “இன்னும் உழை” என்று கோளத்தைத் தூண்டும். ஓயாத தூண்டுதலால் கோளம் பருக்கிறது. மலைச் சரிவுகளில் பெருமழை மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் செல்வதால், அங்கே விளையும் தானியத்திலும் கீரையிலும் அச்சத்து குறைவதுண்டு.

நமது பகுதியில் மிகுதியாய்ப் பயிராகும் மரவள்ளி என்னும் குச்சிக்கிழங்கைப் பற்றியும் ஒரு சொல். அதிலுள்ள ஒரு நச்சுப்பொருள் தேகத்தில் மாறி, அயோடின் கோளத்திற்குள் புகுவதைத் தடுக்கும். தோலை நீக்கி, நன்றாய் அலசி, நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டால் நஞ்சு பெரிதும் நீங்கும். அயோடினும் போதியவாறு கிடைத்தால் கிழங்கினால் அச்சமில்லை.

தடுப்பு முறை ஐயத்திற்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது. அமெரிக்காவில் அக்ரன் நகரத்துப் பள்ளிச் சிறுமிகளிடம் டேவிட் மரீன் என்பவர் 1917-இல் பரீக்ஷை தொடங்கினார். அயோடின் உப்பு மருந்து உண்ட 2,190 பேரில் 5 பேருக்கே கோளம் பெருத்தது; உண்ணாத 2,305 பேரில் 495 பேருக்குப் பெருத்தது. நம் தேசத்தில் 1956 முதல் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் அயோடின் கலந்த சமையலுப்பைக் கொண்டு இதையே மெய்ப்பித்தனர். 1962-இல் தேசியத் தடுப்புத் திட்டம் ஏற்பட்டது.

கழலை கண்ணுக்குத் தெரியும் தீங்கு. தெரியாத தீங்கு அதனினும் பெரிது. அயோடின் குறைந்த தாயின் வயிற்றுச் சிசுவுக்கு மூளை வளர்ச்சி குன்றும். பிறந்தபின் அதனை முற்றும் திருத்த இயலாது. இன்றைய சிறுமியே நாளைய தாய்.

5. உப்பும் சங்கமும்

கடலுப்பாயிற்றே, அதில் அயோடின் இராதா என்று பலர் கேட்பர். மரக்காணம், வேதாரணியம், தூத்துக்குடி எதன் உப்பளத்து உப்பாயினும், இயற்கையில் அதிலுள்ள அயோடின் மிகச் சொற்பம். பின்னர்க் கலந்தால்தான் உண்டு. பத்து லக்ஷம் பங்கு உப்பில் 15 பங்கு அயோடின் வீட்டை அடைய வேண்டும். அப்படியானால் 1 கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம் கிடைக்கும். இதனால் உப்பை மிகுதியாய் உண்ண வேண்டுமென்பது பொருளன்று. உண்ணும் உப்பு அயோடின் கலந்ததாயிருக்க வேண்டுமென்பதே பொருள்.

கலக்காத உப்பை மனிதர் உணவுக்கு விற்பது 2006-ஆம் ஆண்டு மே முதல் நாடெங்கும் தடுக்கப்பட்டுள்ளது. எனினும் 2018–19-இல் நடந்த அகில இந்திய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பை உபயோகித்த குடும்பங்கள் தேச முழுவதும் நூற்றுக்கு 76.3, தமிழ்நாட்டிலோ 61.9 மாத்திரமே. மாகாணங்களுள் இதுவே கடைசி ஸ்தானம். உப்பு விளைவிப்பதில் பெயர் பெற்ற நாட்டுக்கு இது பெருமையன்று. கல்லுப்பின்மீது நமக்குள்ள பழக்கமே இதற்கு ஒரு முக்கிய காரணம்.

ஆகவே அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை:

(அ) சங்கக் கடைக்குக் கொள்முதல் செய்யும் உப்புப் பொட்டலத்தில் அயோடின் குறியும் தயாரித்த தேதியும் உளவா என்று நிர்வாகிகள் பார்க்கவேண்டும்.
(ஆ) பரிசோதனைத் திரவத்தை உப்பின்மேல் ஒரு துளி விட்டால், அயோடின் இருப்பின் ஊதா நிறம் தோன்றும். சுகாதார ஊழியரைக் கொண்டு இதனைச் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் காணச் செய்க.
(இ) மூட்டையை ஈரத்தரையிலும் வெயிலிலும் வைக்கலாகாது. வீட்டில் மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, சமையல் முடியுந் தறுவாயில் உப்பிடுக.
(ஈ) கோளம் பெருத்ததாய்த் தோன்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்க. பெருத்த கோளமெல்லாம் உப்புக் குறைவால் வந்ததன்று. தேகத்தின் காப்புச் சக்தியே கோளத்தைத் தாக்கும் நோயும் சிறுமிகளுக்கு உண்டு. அதனை இரத்தப் பரிசோதனையே காட்டும். சூடு போடுதலும், தாமாகவே அயோடின் மருந்தை உட்கொள்ளுதலும் கேடு விளைக்கும்.

கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. ஒரே வயதுள்ள இரு பிள்ளைகளின் கோளம் அளவில் வேறுபடக் காரணம் என்ன?
2. 144 சென்டிமீட்டர் உயரமும் 36 கிலோகிராம் நிறையும் உள்ள பிள்ளையின் தேகப் பரப்பு எவ்வளவு? (விடை: 1.2 சதுர மீட்டர்.)
3. பெருவிரல் விதியில் யாருடைய விரல் அளவாகும்? ஏன்?
4. நமது சங்கக் கடையில் சென்ற மாதம் விற்ற உப்பில் அயோடின் கலந்தது எவ்வளவு, கலவாதது எவ்வளவு?

நான்காம் வினாவுக்கு விடையைச் சங்கத்தின் சரக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கூறுக.